தப்பு நோட்டில் என் பக்கம்

என் கருவிப் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு நடுவே ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் எப்போதும் இருக்கும். அடர் சிவப்பு. விவேக் நகர் சர்ச்சுக்குப் பக்கத்திலுள்ள ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்குவது. கடைக்காரம்மா ஒவ்வொரு தடவையும் என் விரல்களைப் பார்ப்பார். நகத்தில் கிரீஸ் இருக்கும், பாலிஷ் இருக்காது. ஐம்பது வயதைத் தாண்டியவளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பாட்டில் எப்படித் தீர்கிறது என்ற கேள்வி அவர் முகத்திலேயே எழுதியிருக்கும். விமானத்துக்கு என்று ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். அதன் பிறகு என்னிடம் சில்லறை கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

உண்மை அதுதான். பெங்களூர் அடுகோடியில் ஒரு மெஷின் ஷாப்பில் நான் இன்ஸ்பெக்டர். லேத்திலிருந்து இறங்கும் பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாக அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் என்று வீட்டிலும் பலமுறை சொல்லிக் காட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹொசகோட்டை தாண்டி ஒரு மண் ஓடுபாதைக்குப் போய்விடுவேன். அங்கே நாங்கள் ஏழு பேர் சேர்ந்து கட்டிய குட்டி விமானம் இருக்கிறது. இரண்டு இருக்கை, ஒரு இன்ஜின், துணி போர்த்திய இறக்கை. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். எங்கள் வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், அந்தச் சுரங்கத்தை மூடியாகிவிட்டது. நான் பறக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது என் அண்ணன், "கீழ போறதுக்குத்தான் இனி ஒண்ணும் இல்லியே, மேலயாவது போ" என்றான்.

பாலிஷ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு போல்ட்டை முறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகத்துக்குச் சேர்த்து ஒரு சொட்டு வைக்க வேண்டும். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் காய்ந்த சொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இதை எல்லா ஊரிலும் செய்கிறார்கள். எங்களிடம் ஒரு வழக்கம் கூடுதல். முறுக்கியவர் சொட்டு வைக்கக் கூடாது. இன்னொருவர் வந்து, தன் கையால் ஸ்பேனர் போட்டுப் பார்த்து, அவர்தான் வைக்க வேண்டும். அந்த இன்னொருவர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான், விமானம் நகராது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பறந்து முடித்து டீ குடிக்கும்போது ஒரு நீள நோட்டு சுற்றி வரும். அன்று செய்த தப்பை அவரவர் கையால், அவரவர் மொழியில் எழுத வேண்டும். பெட்ரோல் மூடியைத் திறந்தே விட்டது, காற்றுத் திசை பார்க்காமல் இறங்கியது, எதுவானாலும். அடுத்தவர் தப்பை எழுதக் கூடாது. இன்று தப்பே செய்யவில்லை என்று சொல்கிறவர் விமானத்தைத் துடைக்க வேண்டும். சேறும் பூச்சியும் படிந்த விமானத்தைத் துடைக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் எல்லோருக்கும் ஏதாவது ஒரு தப்பு ஞாபகம் வந்துவிடும். நல்லவர் வேஷம் போடுகிறவர்களை ஒழிக்க இதைவிடச் சுலபமான வழியை நான் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விமானப் போக்குவரத்துத் துறையிலிருந்து புது விதியின் வரைவு வந்தது. இலகு விமானங்களை இனி அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனங்கள் மட்டுமே தொடலாம், சொந்தக்காரர்கள் செய்த வேலை செல்லாது என்றது. அந்த நிறுவனங்கள் பெரிய விமானங்களைப் பார்ப்பவை. எங்கள் மண் பாதைக்கு எவரும் வரமாட்டார்கள். விதி அப்படியே வந்தால் எங்கள் விமானம் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்துவிடும். அந்த இறக்கையின் துணியைத் தைத்தது நான். அதில் கிழிசல் விழுந்தால் நான் ஊசியெடுக்கக் கூடாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கோபத்தில் துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் குழுவின் தலைவர் விமானப்படையில் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேப்டனாக இருந்ததே இல்லை, ஆனாலும் நாங்கள் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். படித்துப் பார்த்துவிட்டு நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இத அனுப்பினா இருக்கிற பெர்மிட்டையும் புடுங்கிடுவாங்கம்மா. கத்தறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. மாத்தி எப்படி எழுதணும்னு சொல்றவங்கதான் கம்மி" என்றார்.

அவர் சொன்னது சரி. நாட்டில் எங்களைப் போலப் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் குழுக்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. சங்கம் துறையோடு உட்கார்ந்து பேசியது. பயிற்சி எடுத்த சொந்தக்காரர்களே பராமரிக்கலாம் என்று மாற்று வரைவு எழுதியது. அதில் பராமரிப்புப் பகுதிக்கு என் பங்கும் உண்டு. சனிக்கிழமைகள் முழுக்க வீடியோ கூட்டத்திலேயே போயின. கடைசியில் துறை ஒன்றே ஒன்று கேட்டது. நீங்கள் பராமரிப்பது பாதுகாப்பானது என்று காட்டுங்கள், ஒரு அதிகாரி வந்து பார்ப்பார் என்றது. பார்க்கத் தேர்ந்தெடுத்த குழுக்களில் எங்களுடையதும் ஒன்று.

கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது விமானம் நிறுத்தும் எங்கள் ஹேங்கர். தரையைக் கழுவினோம், கருவிகளை வரிசையாக மாட்டினோம். துறை கேட்கும் அதிகாரப்பூர்வமான லாக் புக்குக்குப் புது அட்டை போட்டோம். அதில் ஒரு கோளாறுகூட இல்லை. சின்னச் சின்ன விஷயங்களை அதில் எழுதி அசிங்கப்படுத்துவானேன் என்று எப்போதும் அவற்றை டீ நோட்டோடு நிறுத்திக்கொள்வோம்.

"அந்த நோட்டு மட்டும் வெளிய வரக் கூடாது" என்றார் கேப்டன்.

"ஏன் சார்?"

"உங்க பக்கம் அதுல இருக்குதேம்மா. துறைக்குச் சொல்லாம விட்டது. பார்த்தாங்கன்னா முதல்ல போறது உங்க பெர்மிட்தான்."

என் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை ஹேங்கரில் நான் தனியாக இருந்தேன். கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கழற்றி மாட்டினேன். சொட்டு வைக்க ஆள் இல்லை. மழை மேகம் வருவதற்குள் ஒரு சுற்று பறந்துவிட ஆசை. மெஷின் ஷாப்பில் ஊரார் வேலையை எல்லாம் சோதிக்கிறவள், என் வேலையைச் சோதிக்க யார் வேண்டும் என்று நினைத்தேன். நானே முறுக்கி நானே சொட்டு வைத்தேன். பறந்த பத்தாவது நிமிஷம் கிளாம்ப் நழுவி இன்ஜின் இருமத் தொடங்கியது. அறுவடை முடிந்த ஒரு ராகிக் காட்டில் இறக்கினேன். எனக்கும் ஒன்றுமில்லை, விமானத்துக்கும் ஒன்றுமில்லை. நிலத்துக்காரர் ஓடி வந்து, லேஅவுட் போட அளக்க வந்தீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். அடிபடாத விஷயத்தைத் துறைக்கு எதற்குச் சொல்வது என்று அப்போது விட்டுவிட்டோம். சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றே தெரியும்.

அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும் கன்னடக்காரப் பெண், அதிகம் சிரிக்காதவர். அவர் பேசியது கன்னடமும் ஆங்கிலமும் கலந்து, நான் தமிழில் சொல்கிறேன். விமானத்தைச் சுற்றி வந்து போல்ட் போல்ட்டாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து லாக் புக்கைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு மூடினார்.

"இத்தனை வருஷத்தில் ஒரு கோளாறுகூட இல்லையா?"

"இல்லை மேடம்" என்றார் கேப்டன், பெருமையாக.

"அப்படியென்றால் இந்த விமானம் பறப்பதில்லை. இல்லையென்றால் நீங்கள் எழுதுவதில்லை" என்றார் அவர். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு உடனே புரிந்தது. என் மேஜைக்கும் இப்படி ரிப்போர்ட்டுகள் வரும். ஐம்பது பாகம், ஐம்பதுக்கும் ஒரே அளவு, ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. அளக்காமலேயே எழுதியிருக்கிறான், நமக்குக் காது குத்துகிறான் என்று தெரிந்துவிடும். பாகத்தைப் பார்க்காமலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த அதிகாரியின் இடத்தில் நான் இருந்தாலும் பேனாவை மூடியிருப்பேன். அவர் காருக்குப் போய்விட்டால் நாங்கள் எழுதிய மாற்று வரைவும் அதோடு போய்விடும்.

எழுந்து டீ அலமாரிக்குப் போனேன். ஃப்ரேசர் டவுனில் பேக்கரி வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர் அங்கே நின்றுகொண்டு அதிகாரிக்காகக் கொண்டுவந்த பன்னை அடுக்கிக்கொண்டிருந்தார். பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் நான் கை விட்டதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேணாம்க்கா. பேஜாராயிடும்."

"ஆவட்டும்" என்றேன்.

நோட்டை அதிகாரி முன்னால் வைத்தேன். கேப்டன் என்னைப் பார்க்காமல் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி முதல் பக்கத்தைப் படித்தார், இரண்டாவதைப் படித்தார், பேனாவை மறுபடி எடுத்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததை அவரே படித்தார். தமிழில் இருந்ததை என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். என் பக்கம் வந்தது.

அதுவும் தமிழில்தான் இருந்தது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினால் போதும், அல்லது பெட்ரோல் மூடிக் கதையை இன்னொரு முறை சொன்னால் போதும். அப்படிச் செய்யலாம் என்று தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. ஆனால் என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறெதையோ படிக்க எனக்கு நா எழவில்லை. "ஆள் இல்லை. நானே முறுக்கி நானே சொட்டு வைத்தேன். ராகிக் காட்டில் இறக்கினேன். துறைக்குச் சொல்லவில்லை" என்று உள்ளது உள்ளபடி கன்னடத்தில் சொன்னேன்.

"இதை எழுதியது யார்?"

"நான்."

"சொல்லியிருக்க வேண்டும்."

"ஆமாம்" என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தை போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சொட்டு வழக்கத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். யார் வைப்பது, ஆள் வராவிட்டால் என்ன, எப்போதிலிருந்து என்று. போகும்போது இரண்டு பன் சாப்பிட்டார்.

மூன்றாவது வாரம் எனக்குக் கடிதம் வந்தது. ஆறு மாதம் பெர்மிட் நிறுத்தம், அதன் பிறகு எழுத்துத் தேர்வு. படித்துவிட்டு அழுதேன். தண்டனை நியாயம் என்று தெரிந்துதான் அழுதேன். சூரியன் ஏறும் நேரத்தில் கோலார் ரோடு மேல் பறக்காத ஞாயிறுகளை எண்ணிப் பார்த்தேன், தாங்கவில்லை. நோட்டைக் காட்டியதற்கு மட்டும் ஒரு நாளும் வருத்தப்படவில்லை. ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசாத கேப்டனிடமும் அதையே சொன்னேன்.

நான்காவது மாதம் இறுதி விதி வந்தது. பயிற்சி பெற்ற சொந்தக்காரர்கள் பராமரிக்கலாம். கோளாறுகளை எழுதும் நோட்டு கட்டாயம். கூடவே ஒரு படிவம், அதில் இரண்டு கட்டங்கள். வேலை செய்தவர் கையெழுத்து ஒன்று. சரிபார்த்தவர் கையெழுத்து ஒன்று, அவர் வேலை செய்தவராக இருக்கக் கூடாது. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் நாட்டில் எந்த மூலையிலும் இலகு விமானம் எழும்பக் கூடாது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்த ராகிக் காடு ஞாபகம் வந்தது. நான் விட்ட இடத்தை இனி யாரும் விட முடியாது என்று நெஞ்சு நிறைந்தது.

அந்த ஞாயிறு பேக்கரிக்காரர் பறக்க வேண்டிய முறை. அதே கார்புரேட்டர் கிளாம்ப்பைக் கழற்றி மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பறக்கக் கூடாது என்றுதான் எனக்குக் கடிதம், சரிபார்க்கக் கூடாது என்று அதில் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்திருந்தேன். ஸ்பேனர் போட்டேன். இன்னும் கால் சுற்று நகர்ந்தது. ஸ்பேனரை அவரிடமே கொடுத்தேன். மறுபடி முறுக்கினார், மறுபடி பார்த்தேன், அசையவில்லை. சொட்டு வைத்தேன். அது காய்ந்ததும் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் பறந்து, சுற்றி, பத்திரமாக இறங்கினார்.

டீ வந்தது, நோட்டு சுற்றி வந்தது. பேக்கரிக்காரர் கால் சுற்று குறைவு என்று எழுதினார். என் முறை வந்தபோது எவ்வளவு யோசித்தும் அன்றைக்கு என்னிடம் ஒரு தப்பும் இல்லை. வாளியை எடுத்துக்கொண்டு விமானத்தைத் துடைக்கப் போனேன்.