மூத்தார் தந்த சீனி உருண்டை

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இன்னும் தீரவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் களிமண் கரைசல் ஊற்றிய அச்சுகளைத் தூக்கி வைப்பது என் வேலை. மூன்று வருஷத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே என் கணவரின் அண்ணன் ஹோமியோபதி புட்டியோடு வந்துவிட்டார். ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், புத்தகம் பார்த்து வைத்தியம் கற்றவர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள்.

எங்கள் வீட்டில் மூத்தாரிடம் தம்பி பெண்டாட்டி நேராகப் பேசக் கூடாது. அவரும் என்னிடம் பேசமாட்டார். கதவோரம் நின்று தம்பியிடம் சொன்னார்.

“இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்தச் சொல்லுடா. இதோட சக்திய முறிச்சிடும். காப்பியும் கூடாது.”

எனக்குப் பயமாக இருந்தது. கணவரிடம் முனகிப் பார்த்தேன்.

“அண்ணனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?”

நிறுத்திவிட்டேன். தையல் சிவந்தது, சீழ் வைத்தது, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. “உள்ள இருக்கிற நோவு வெளிய வருது, நல்லதுதான்,” என்றார் மூத்தார், அதே கதவோரத்தில். கடைசியில் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையலைப் பிரித்துக் கழுவினார்கள்.

டாக்டரம்மா புட்டியை வாங்கிப் பார்த்தார். “ஆபரேஷன் ஆனவங்களுக்கு இதையும் வெறும் சீனி உருண்டையையும் குடுத்துச் சோதிச்சிருக்காங்க. இதனால சீக்கிரம் ஆறுதுன்னு நம்புற மாதிரி ஒண்ணும் தெரியலம்மா. இதைச் சாப்பிட்டது போகட்டும், நான் குடுத்ததை ஏன் நிறுத்துனீங்க?”

ஊசி போட்டுப் போட்டு ஆறிய புண்ணைத் தன் மருந்துதான் ஆற்றியது என்று மூத்தார் ஊரெல்லாம் சொன்னார். என்னால் அச்சு தூக்க முடியாமல் போயிற்று. இப்போது உட்கார்ந்து பொம்மைகளுக்குப் பிசிறு சீவுகிறேன்.

இந்த வருஷம் மூத்தாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். சொந்தக்காரர்கள் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனார்கள். நான் அவர் வீட்டு அலமாரியிலிருந்த அவருடைய புட்டியை எடுத்துப் போனேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஆட்கள், அதில் என் கணவரும். நேராக அவர் முகத்தைப் பார்த்தேன்.

“மாமா, இந்தாங்க உங்க மருந்து. அந்த மாத்திரையெல்லாம் நிறுத்திடுங்க. இதோட சக்திய முறிச்சிடும்.”

“ஏண்டி, யார்கிட்ட பேசுற?” என்றார் அவர் மனைவி.

“வைத்தியர்கிட்ட பேசுறேன் அக்கா. காப்பிய எடுத்துடுங்க.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நர்ஸ் ஊசியோடு வந்தாள். மூத்தார் கையை நீட்டினார். நர்ஸ் போகும்வரை நின்றேன்.

“டாக்டர் மாத்திரைய நிறுத்தக் கூடாதும்மா,” என்றார் சுவரைப் பார்த்து.

“இப்பவா, அப்பவா மாமா?”

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு வியர்த்தது. எனக்குப் பாவமாக இல்லை. இன்னும் கொஞ்சம் வியர்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

“அப்பவுந்தான்.”

“சத்தமாச் சொல்லுங்க. உங்க தம்பிக்குக் கேக்கல.”

சொன்னார்.

மறுநாள் அவருக்குக் கட்டு மாற்றினார்கள், புண் சுத்தமாக இருந்தது. நான் வேலைக்குப் போனேன்.