ஆக்சிலுக்கும் ஒரு மூக்கு

என் ஜீப்பின் மூக்கை என் கையாலேயே அடைத்துவிட்டேன்.

ஜீப்புக்கு ஏது மூக்கு என்கிறீர்களா? எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அடைத்திருப்பேனா? வாராவாரம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள் செய்த வேலை இது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடலூர் முழுக்கத் தெரிந்துபோன சங்கதியை உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது...

கதை ஜீப்பில் தொடங்கவில்லை. ஓசூரில் தொடங்குகிறது.

மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் என் மனைவி ராஜேஸ்வரி ஓசூருக்குப் போனாள். பிள்ளைக்குத் தலை நின்றதும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். தலை நின்றது. குப்புற விழுந்தது. தவழ்ந்தது. இப்போது சுவரைப் பிடித்து எழுந்து நின்று, வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ராஜேஸ்வரி மட்டும் வந்தபாடில்லை.

நடுவில் ஒரு நாள் மகள் கேட்டாள். "அப்பா, எனக்கு லீவு முடியப் போகுது. இவன் ஸ்கூலுக்குப் போற வரைக்கும் அம்மா இங்கனயே இருக்கட்டுமா? அம்மாகிட்ட கேட்டா, உங்கப்பாகிட்ட கேளுங்கிறாக."

ஒரு மனிதன் இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்கென்னம்மா... தாராளமா இருக்கட்டும்."

தாராளமா! அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. போனில் மகளுக்குப் பின்னால், பிள்ளையை யாரோ கொஞ்சிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது சட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் மிக்ஸி ஓடியது. வெகுநேரம் ஓடியது.

அன்றிலிருந்து ராஜேஸ்வரியாக என்னைக் கூப்பிடுவதில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அவ்வளவுதான்.

சரி, நானாவது 'வந்துவிடு' என்று சொன்னேனா? சொல்லவில்லை. "பெருங்காயம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். கேட்கும்போது பெருங்காய டப்பா என் இடது கையில் இருந்தது.

மறுநாள் வெந்தயம். அதற்கு மறுநாள் இட்லித் துணி. ஒரு வீட்டில் எத்தனை சாமான்தான் காணாமல் போக முடியும்? சாமான்கள் தீர்ந்துகொண்டு வந்த சமயத்தில்தான் ஜீப் கைகொடுத்தது.

எங்கள் வீடு கம்பத்தில். கூடலூரைத் தாண்டி மலையடிவாரத்தில் கொஞ்சம் திராட்சை, கொஞ்சம் தென்னை. போய்வர ஒரு பழைய ஜீப். ஆள் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது மிக நீளமானது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜீப்பைக் கழுவுகிறேன் என்று அடியில் போய்ப் படுத்தேன். பின் ஆக்சிலின் முதுகில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன மூடி. அதைச் சுற்றி எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது.

ஆகா, லீக்!

தண்ணீர்க் குழாய் ஒழுகினால் பிசைந்து ஒட்டுவோமே, அந்தப் பசை மாவு வீட்டில் கிடந்தது. (அது எங்கே என்று நான் போன் செய்து கேட்கவில்லை. பதற்றத்தில் நானே கண்டுபிடித்துவிட்டேன்.) நன்றாகப் பிசைந்து, கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி மூடியோடு சேர்த்துப் பூசி, கட்டைவிரலால் அழுத்தினேன். சாயங்காலம் ராஜேஸ்வரிக்குப் போன் போட்டு, ஜீப்பில் எண்ணெய் ஒழுகிய ஓட்டையை நானே அடைத்துவிட்ட வீரத்தை விலாவாரியாகச் சொன்னேன்.

"அப்படியா" என்றாள்.

கொஞ்ச நாளில் ஜீப் பின்பக்கமிருந்து 'ஊ...' என்று முனக ஆரம்பித்தது. வேகம் கூடக் கூட முனகலும் கூடியது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரத்தின் உட்பக்கம் எண்ணெய் வழிந்து, டயரெல்லாம் கறுப்பு.

கூடலூரில் தவமணியின் ஒர்க்‌ஷாப். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்கு ஏறுகிற ஜீப்புகளுக்குத்தான் அங்கே முதல் மரியாதை. அந்த வண்டிகள் ஓடினால்தானே மலையில் வேலை நடக்கும்? அவையெல்லாம் மேலே ஏறிப் போன பிறகுதான் என்னைப் போன்றவர்களின் வண்டிமேல் ஸ்பானர் படும். தவமணி பேசிக்கொண்டே வேலை செய்கிற ஆசாமி. பேச்சு கொஞ்சம் அதிகம், தற்பெருமை கொஞ்சம் அதிகம், வேலை பரவாயில்லை.

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, பேரிங் போச்சு, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற ஆயில் சீலும் போச்சு, ரெண்டு பக்கமும் மாற்றிவிடலாம் என்றான். அந்தப் பக்கமாக வந்த டிரைவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தடவை சக்கரத்தைச் சுற்றிக் காது கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்குச் சளியா என்று பார்க்கிற மாதிரி. ஒருவர் பேரிங் என்றார். இன்னொருவர் உள்ளே இருக்கிற கிரௌன் பல்சக்கரம் என்றார். மூன்றாமவர், இந்த வண்டியை யாருக்காவது தள்ளிவிட்டால் என்ன என்றார்.

சக்கரம் கழன்று வந்தது, பிரேக் டிரம் கழன்று வந்தது. உள்ளே பிரேக் ஷூ எண்ணெயில் ஊறின வடை மாதிரி இருந்தது. ஆக்சிலைச் சுத்தியலால் சுண்டிச் சுண்டி இழுத்தார்கள். முழ நீளத்துக்கு மேல் ஒரு இரும்புத் தண்டு, வழவழவென்று எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே வந்தது. அதன் நுனியில் பேரிங். அதை விடாமல் கவ்விக்கொண்டு ஒரு வளையம். அந்த வளையத்தை உளி வைத்துப் பிளந்தால்தான் பேரிங் கழலும். கெட்டுப்போன பிறகும் பிடியை விடாத ஜாதி.

நான் இதையெல்லாம் நின்று வேடிக்கை மட்டும் பார்த்தேன் என்றா நினைக்கிறீர்கள்? போனில் ஓசூருக்கு நேரடி வர்ணனை. "இப்ப ஆக்சிலை உருவிட்டாக"... "ம்." "இப்ப பேரிங்கைக் கழட்டுறாக"... "ம்." கடைசியில் அவளாக ஒன்று கேட்டாள். "சாப்பிட்டுட்டுத்தான் அங்கன உக்காந்திருக்கீகளா?"

அந்த ஒரு கேள்வி போதும். அன்று முழுக்க எனக்குப் பசிக்கவில்லை.

புது பேரிங், புது சீல், புது ஷூ. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. சோதித்துப் பார்க்கிறேன் என்று குமுளிவரை ஏறினேன்.

சோதனை என்பது பொய். ராஜேஸ்வரி இருந்தபோது ஞாயிறுதோறும் நாங்கள் போகிற பாதை அது. மேலே ஒரு டீ, ஆளுக்கு ஒரு பழம்பொரி, குளிர் காற்றில் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் எங்கள் உல்லாசப் பயணம். டீக்கடைச் சேட்டன் "சேச்சி எவிடே?" என்றார். ஓசூர் என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வில் ஒரு அனுதாபம் இருந்த மாதிரி பட்டது. பழம்பொரியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

இறங்கும்போதுதான் கவனித்தேன். ராஜேஸ்வரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் மலை இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்தி பிரேக் பிடிப்பாள். அவள் பக்கம் பிரேக்கே கிடையாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "நீங்க பிடிக்கிறது பத்தாதுல்ல" என்பாள். வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி, இடது பக்க ரப்பர் விரிப்பில் அந்த இடம் மட்டும் குழிந்திருக்கிறது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க வயலும் தோப்பும் திராட்சைப் பந்தலுமாக விரிந்து கிடந்தது. நான் வளைவுக்கு வளைவு அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பாதுகாப்பான ஓட்டுநர் லட்சணம் அல்ல இது. என்ன செய்ய? எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இந்த வண்டியில் பாதி பிரேக் ஓசூரில் அல்லவா இருக்கிறது?

அடிவாரம் வந்து இறங்கிப் பார்த்தால்... டயரில் மறுபடி எண்ணெய்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எரிச்சல் வரவில்லை. உள்ளுக்குள் ஒரு குதூகலம். போன் போடக் காரணம் கிடைத்துவிட்டதே!

தவமணிக்குத்தான் முகம் சுண்டிப்போனது. சீல் டூப்ளிகேட் என்றான். கடைக்காரனைத் திட்டினான். கம்பெனியைத் திட்டினான். கடைசியில் நான் ஓட்டுகிற லட்சணத்தையும் லேசாகத் தொட்டுவிட்டுப் போனான். மறுபடி ஜாக்கி, மறுபடி டிரம், மறுபடி அந்த இரும்புத் தண்டு. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டெப்னிமேல் வைத்துக்கொண்டு வர்ணனையைத் தொடங்கினேன். ஓசூரில் பிள்ளை தூங்கிவிட்டது போல. அபூர்வமாக இந்தத் தடவை ராஜேஸ்வரி 'ம்' என்பதோடு நிறுத்தவில்லை.

"ஏங்க, அன்னைக்கு என்னமோ ஓட்டையை அடைச்சேன்னு பெருமையாச் சொன்னீகளே, அது எது?"

தவமணியின் கை நின்றது.

"எந்த ஓட்டை சார்?" என்றான்.

ஒன்றுமில்லை, அது வேறு விஷயம், வீட்டில் தண்ணீர்க் குழாய் என்று நான் சமாளித்துப் பார்த்தேன். "குழா இல்லப்பா, ஜீப்புக்கு அடியில" என்றது ஸ்டெப்னி. அதற்குள் தவமணி அடியில் புகுந்துவிட்டான். பிறகு ஸ்குரூ டிரைவரால் கொத்துகிற ஒலி. 'உஸ்...' என்று ஒரு சத்தம். வெளியே வந்தவன் கையில் என் கொழுக்கட்டை.

"இது ஆக்சிலு மூச்சு விடுற மூக்கு சார். மலை ஏறுனா உள்ள சூடாகும். காத்து வெளிய போவணும்ல? இதை அடைச்சா, அது சீலைத் தள்ளிக்கிட்டு எண்ணெயோடதான் வெளிய வரும். எத்தனை சீலு மாத்தினாலும் தள்ளத்தான் செய்யும்."

முதல் தடவையே அவன் இதைப் பார்த்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இப்படி ஒரு வேலையை மனுசன் செய்வான் என்று யார் கண்டது என்றான்.

அக்கம்பக்கத்து டிரைவர்களெல்லாம் வந்து கொழுக்கட்டையைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். சார் கதை எழுதுகிறவர்தானே, பேனாவோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று இன்னொருவர் பொதுவாக விசாரித்தார். போனில் ராஜேஸ்வரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரித்துக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று... என்னைப் பார்த்து ஊரே சிரிக்கும்போது, அந்த ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றைச் சொல்லாமல் இறுக்கி அடைத்து வைத்துவிட்டு, அது பெருங்காயமாகவும் வெந்தயமாகவும் இட்லித் துணியாகவும் ஒழுகுவதைத் துடைத்துக்கொண்டிருக்கிறோமே, நாம் என்ன மனிதர்கள்? கணவன் மனைவிக்குள் என்ன, அப்பன் பிள்ளைக்குள் என்ன, இருபது வருஷ நண்பர்களுக்குள் என்ன... எத்தனை வீட்டில் சீல் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்!

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் பழைய டயர்கள் அடுக்கியிருக்கிற பக்கமாகப் போனேன்.

"வீடு நல்லாவே இல்ல" என்றேன்.

"ஏன், கூட்டலையா?"

"கூட்டினேன். அது இல்ல."

"பின்ன?"

"நீ இருந்தாத்தான் நல்லா இருக்கு. அன்னைக்குத் தாராளமான்னு சொன்னது சும்மா சொன்னது. வந்துரு."

லைன் போய்விட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. அங்கே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பக் காதில் வைத்தபோது, "பிள்ளை எந்திரிச்சுட்டான். வைக்கிறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. வண்டி தயாராகி நின்றது. குமுளிவரை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று தவமணி சொன்னான். எனக்கு மனசில்லை. நேரே கம்பத்துக்கு வந்து, வாசல் லைட்டைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் மகளிடமிருந்து போன். அவள் மாமியார் வந்து கொஞ்ச நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாராம். அம்மா பெட்டி கட்டிவிட்டார்களாம். நாலு வார்த்தை பேசி ஒரு பெண்ணை ஓசூரிலிருந்து கிளப்பியிருக்கிறேன், சும்மாவா? அடக்கமான குரலில், அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"சொன்னாகப்பா. 'உங்கப்பாவுக்காக ஒண்ணும் நான் போகல. மூணாவது தடவையும் அந்த ஆக்சிலைக் கழட்ட வச்சுருவாரு, அந்த மெக்கானிக்கை நெனச்சாத்தான் பாவமா இருக்கு'ன்னாக."