கரடிக்கு நல்ல தண்ணீர்

மகளின் பஞ்சு முயலைத் துவைத்துப் பிழிந்தபோது எழுந்த ஈரவாடை என்னைச் சிறுவயதில் நாங்கள் இருந்த பாலாவி வீட்டுக்குக் கொண்டுபோனது. யுத்தம் முடிந்த அடுத்த வருடம், நோன்புக்கு முந்திய ஷஃபான் மாதம். தங்கச்சிக்கு மூச்சிழுப்பு. அவள் கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடிப் பொம்மையின் தூசியைப் போக்கவேண்டும், இல்லாவிட்டால் எறியவேண்டும் என்றார் டொக்டர்.

உம்மா அதைக் கிணற்று நீரில் துவைத்தார். உப்பளத்துக்குப் பக்கத்துக் கிணறு, தண்ணீர் கரிக்கும். பகலில் காய்ந்த கரடி, கடற்காற்றில் மறுபடி நசநசத்துப் பூஞ்சணம் மணத்தது.

"உப்பு ஏறினது இனிக் காயாது. எறிஞ்சிருவோம்" என்றார் உப்பளத்தில் வேலைசெய்த வாப்பா. தங்கச்சி அழ அழ இழுப்புக் கூடியது.

உம்மா கரடியின் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்தார். பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீரைக் குடத்தோடு தூக்கினார்.

"குடிக்கிற தண்ணியிலயா கரடிக்குக் குளிப்பு?"

"ஓம். உங்கட மகள் மூச்சு விடணும்."

வாப்பா அடுப்படிக்குப் போனார். தன் தேத்தண்ணிக்கு நிரப்பியிருந்த கேத்தலையும் கொண்டுவந்து வாளியில் கவிழ்த்தார்.

பஞ்சும் தோலும் தனித்தனியே தகரக் கூரையில் மொறுமொறுவென்று காய்ந்தன. தைத்துக் கொடுத்ததும், "கரடி மெலிஞ்சிட்டான் உம்மா" என்று தங்கச்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இழுப்புச் சத்தம் இல்லை.

மாலையில் கொடியிலிருந்து முயலை எடுத்து அழுத்திப் பார்த்தேன். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம்தான். கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.