தைக்க வேண்டாத தையல் எந்திரம்

பரணில் துருவேறிக் கிடந்த எங்கள் பழைய தையல் எந்திரத்தை, மும்பை செம்பூர் வீட்டுக் கூடத்தில் அழகுக்காக நிறுத்த மருமகள் விரும்பினாள். மாலையில் விருந்தினர் வரவிருந்தமையால், மெருகேற்றக் கொடுத்திருந்த அதனை வாங்கிவர நான் தாராவிக்குச் சென்றேன்.

அங்கே கடையில், மருதாணித் தாடியுடைய மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கண்களை மூடி, எந்திரத்தின்மீது காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த எந்திரத்தையும் அவர் அவ்வாறுதான் சோதிப்பாராம்.

"பாய், இது தைக்கவே வேண்டாம். சும்மா பார்வைக்குத்தான்," என்றேன்.

"ஓடாத மிஷின நான் வெளிய அனுப்புறதில்ல அண்ணாச்சி. வீட்டு ஆளு ஒரு வரி தச்சுக் காட்டணும். பொறவு எடுத்துட்டுப் போங்க."

ஊசியில் நூல் கோத்தறியாத நான், வேறு வழியின்றி அமர்ந்து, அவர் நீட்டிய துண்டுத் துணியில் தைக்கலானேன்.

"மெதுவா மிதிங்க! ஓடிப்போயி விரார் ரயில் வண்டியா புடிக்கப் போறிய?"

தைத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோணல்தான். ஆனா மிஷின் மேல குத்தமில்ல," என்று விடைகொடுத்தார்.

மாலையில் எந்திரத்தின்மேல் பூச்சாடி ஏறியது. பளபளப்பை அனைவரும் புகழ்ந்தனர். தைக்குமா என்று ஒருவரும் வினவவில்லை. ஓர் அலங்காரப் பொருளுக்காக அம்மனிதர் ஏன் அத்தனை பாடுபட்டார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. விருந்தினர் சென்றதும், பூச்சாடியை மட்டும் நான் இறக்கிவைத்தேன்.