முப்பது நாளும் முப்பத்தோராம் நாளும்

மனைவியின் அண்ணர் சென்னையில் படுக்கையில் விழுந்த வருடம், அவள் அடிக்கடி அங்கே போய்வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பயணக் காப்புறுதி எடுப்பதைவிட வருடத்துக்கு ஒன்றாக எடுப்பது நல்லது என்று எங்கள் நீர்வேலிக்குக் கிட்ட உள்ள திருநெல்வேலியில் ஒரு முகவர் சொன்னான்.

"ஒருக்காக் கட்டினால் வருசம் முழுக்க யோசினையில்லை, ஐயா."

அது பாதிப் பொய். பத்திரத்தை நான் வரிவரியாக வாசித்தேன். வருடத்தில் எத்தனை தடவையும் போகலாம். ஆனால் ஒவ்வொரு பயணமும் முப்பது நாளுக்குள் முடிய வேண்டும். அதன்பிறகு என்ன நடந்தாலும் அவர்கள் பொறுப்பில்லை. நாடு திரும்பி மறுபடி போனால் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் தன் தம்பியோடு பலாலியில் விமானம் ஏறினாள். என் கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போயிருந்தது. நான் நீர்வேலியில் தனியே நின்றேன். அவர்கள் போன மூன்றாம் நாள் அண்ணர் இறந்தார். எங்களில் செத்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை முப்பத்தோராம் நாள். கலண்டரில் எண்ணிப் பார்த்தேன். அவளுடைய பயணத்துக்கு அது முப்பத்துமூன்றாம் நாள்.

முகவரைக் கூப்பிட்டேன்.

"வெளிக்கிட்டாப் பிறகு நீட்டேலாது, ஐயா. ஒண்டும் நடக்காது, பயப்பிடாதேங்கோ."

ஒன்றும் நடக்காதென்றால் எதற்காக விற்றான்?

பிறகு மனைவியிடம் சொன்னேன்: "எட்டாம் நாள் செலவு முடிய ஒருக்கா வந்திட்டுப் போ. அந்தியேட்டிக்குத் திரும்பப் போகலாம்."

அவள் பதில் சொல்லுமுன் தம்பிக்காரன் தொலைபேசியை வாங்கிவிட்டான்.

"அத்தான், நாங்கள் இஞ்சை முப்பத்தொண்டு எண்ணுறம். நீங்கள் அங்கை முப்பது எண்ணுறியளோ?"

"அவள் திரும்பி வருவாள்தானே."

"செத்த வீட்டிலை போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஆரும் வெளிக்கிடுறதோ? அண்ணியின்ரை ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"விழுந்து கால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது?"

"முறியேக்கை பாப்பம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். செத்த வீட்டில் சிரிக்கலாம். விமானம் ஏறத்தான் கூடாது.

அவள் அங்கேயே நின்றாள். அந்தியேட்டியன்று காலை, தலை முழுகிவிட்டு வந்தவள் ஈரப் படியில் சறுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். சத்திரசிகிச்சைக்குக் காசு அனுப்ப வாழைத் தோட்டத்தில் பாதியை ஈடு வைத்தேன். காப்புறுதிக்காரரின் மறுப்பு நாலு வரியில் வந்தது. அவர்களில் எனக்குக் கோபம் குறைவு. அவர்களாவது எழுதித் தந்திருந்தார்கள்.

அவளைக் கொண்டுவந்து சேர்த்த கிழமையே தம்பிக்காரன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். வாழைத் தோட்டக்காரன் வீட்டுக்கு.

"அத்தான், உங்கடை வாய்தான் பலிச்சுப்போச்சு," என்றான்.

படியால் விழுந்ததும் நான் சொன்னதால்தானாம். அவன் பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினான். படலையைத் திறந்து விட்டேன், போகச் சொல்லி. பழத்தையும் அவன் கையிலேயே கொடுத்தேன்.

மனைவி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள்.

"அவனும் தமையனைப் பறிகுடுத்தவன்தானே. ஒருக்கா வரச் சொல்லுங்கோவன்," என்று கிழமைக்கு ஒரு தடவையாவது கேட்கிறாள்.

அவள் குசினியிலிருந்து முற்றத்துக்கு வந்து சேர எடுக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் இன்னும் கூப்பிடவில்லை.