தோற்ற அணியின் சட்டை

2009 மே மாதம் ஈழப் போர் முடிந்த பிறகு பாரிசின் லா சப்பலில் நாங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை, படம் பார்த்துத்தான் பேசினோம். தறப்பாள் கூடாரங்கள், தண்ணீருக்கு நிற்கும் வரிசைகள், முள்ளுக்கம்பி. இணையத்தில் வந்ததையெல்லாம் அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். நான் வேலை செய்த பலசரக்குக் கடைக்குக் கத்தரிக்காய் வாங்க வருகிறவர்கள்கூட முதலில் படத்தைத்தான் நீட்டுவார்கள். என் பையிலும் ஒன்று இருந்தது.

அதில் ஒருவன் வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறான். மெலிந்த கழுத்து, சரிந்த தோள். என் தம்பி. தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. படத்தில் இடமும் இல்லை, தேதியும் இல்லை. தறப்பாள் வன்னியில் சண்டைக்குள்ளும் இருந்தது, தப்பி வந்தவர்களை அடைத்த முகாமிலும் இருந்தது. முகாமில் எடுத்த படமென்றால் அவன் உயிரோடு வெளியே வந்துவிட்டான். வன்னிக்குள் எடுத்ததென்றால் ஒன்றும் சொல்ல முடியாது. தேங்காய் மூட்டையைத் தூக்கும்போதும் மெட்ரோவில் நிற்கும்போதும் இந்தக் கேள்விதான் என்னைத் தின்றது.

சாம்பார்ப் பொடி வாங்க வருகிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டுப் பாரிசுக்கு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவரிடம் படத்தைக் காட்டினேன். மனிதர் என் தம்பியை விட்டுவிட்டு அவன் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணா, இது சூப்பர் போல் சட்டை. அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல். முதுகுல சாம்பியன்னு போட்டிருக்கு, ஆனா இந்த டீம் ஜெயிக்கவே இல்லையே!”

நாங்கள் உதைக்கிற பந்தல்ல, கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிற பந்து. அறுபதுகளில் இரண்டு போட்டிச் சங்கங்கள் தங்கள் சண்டையைத் தீர்க்கத் தொடங்கிய ஆட்டமாம். முதல் இறுதிக்கு மைதானம்கூட நிறையவில்லையாம். ஓர் அணி தொடர்ந்து நான்கு வருடம் இறுதிக்கு வந்து நான்கிலும் தோற்றதாம். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு எவன் வென்றாலென்ன? சட்டையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அதட்டினேன்.

ஆட்டம் முடிந்த நிமிடமே வென்றவர்கள் போட வேண்டும் என்பதற்காக இரண்டு அணிக்கும் முன்கூட்டியே சாம்பியன் சட்டை அடித்துவிடுவார்களாம். தோற்றவர்களின் சட்டையை அமெரிக்காவில் விற்பதில்லை. ஏழை நாடுகளுக்குத் தர்மமாக அனுப்பிவிடுவார்களாம். சட்டையின் கீழே இருந்த ரோம எண்ணைப் படித்தார். நாற்பத்து மூன்றாவது இறுதி. 2009 பெப்ரவரி.

படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அதற்குப் பிறகு சண்டை முடியும்வரை வன்னிக்குள் பனடோல் மாத்திரை போகவே வழியில்லை, அமெரிக்கச் சட்டை எப்படிப் போகும்? முகாமில்தான் கொடுத்திருக்கிறார்கள். தம்பி வெளியே வந்துவிட்டான்! அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை அவருடைய கணினியில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வென்ற அணிக்காரன் ஒருவன் மைதானத்து மூலையில் கால்விரல் நுனியில் நின்று பந்தைப் பிடிக்கிறான். அவன் விரல் கோட்டுக்கு வெளியே பட்டிருந்தால் இந்தச் சட்டை அமெரிக்கக் கடையில் தொங்கியிருக்கும். யாரென்று தெரியாத அவனுக்காக லா சப்பல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்குப் படத்தை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கத்தினேன். படத்தைப் பார்த்த அம்மா முதலில் நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். பிறகு, “ஓம் மோனை, சின்னவன்தான்” என்றார்.

அடுத்த வருடம் முழுக்கத் தேடினேன். முகாமிலிருந்து வந்தவர்கள் எவருக்கும் அவனைத் தெரியவில்லை. சட்டை இருக்கிறது, ஆள் எங்கே போவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் பாரிசின் புறநகரான திரான்சியிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். அதே படத்தை நீட்டினாள்.

“அண்ணை, இவரை எங்கையாவது கண்டனீங்களோ? என்ர மனுசன்.”

“இது என்ர தம்பி” என்று சீறினேன். பாவம், அவள் சண்டை பிடிக்கவில்லை.

“இல்லை அண்ணை. கையைப் பாருங்கோ. சைக்கிளாலை விழுந்து முறிஞ்சது, முழங்கை நிமிராது. வாளி தூக்கினாலும் அப்பிடித்தான்.”

பார்த்தேன். நிறைந்த வாளி எந்தக் கையையும் கீழே இழுத்து நிமிர்த்திவிடும். அந்தக் கை மடங்கியே இருந்தது. ஒன்றரை வருடம் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். என் தம்பியின் கைகள் நேரானவை.

எனக்குக் கத்தி அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை அரிசி மூட்டைமேல் இருத்திவிட்டு, இரண்டு அணி, இரண்டு சட்டை, கால்விரல் நுனி என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப இவர் வெளியாலை வந்திட்டாரோ அண்ணை?”

“ஓம் தங்கச்சி. வந்திட்டார்.”

அவள் போன பிறகு அம்மாவை அழைத்தேன். மறைக்கத் தெம்பில்லை. அது எங்கள் சின்னவன் இல்லை அம்மா, வேறு ஒருத்தியின் கணவன் என்றேன்.

“தெரியும் மோனை,” என்றார் அம்மா. “பெத்தவளுக்குப் பிள்ளையின்ர முதுகு தெரியாதே? நீ அங்கை தனிய இருந்து கத்தினாய். அதுதான் ஓம் எண்டு சொன்னனான்.”