செல்லப்பன் சிரிக்க வேண்டிய ஷாட்

சினிமாக்காரர்களைப் பார்த்து வாயைப் பிளக்கிற ஊரல்ல ஏற்காடு. பனி இறங்குகிற மாதங்களில் ஒண்டிக்கடை முக்குப் பக்கம் ஜெனரேட்டர் வண்டி ஏறி வந்தால், பஸ் நின்றுபோகுமே என்றுதான் எங்களுக்கு எரிச்சல் வரும். ஏரிக்கரையில் எத்தனையோ ஜோடிகள் காதலித்துவிட்டுச் சாயங்காலமே சேலத்துக்கு இறங்கிப் போயிருக்கிறார்கள். ஊருக்கு அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கிளியூர் செல்லப்பனுக்கு மட்டும்தான் இப்படி ஆயிற்று.

செல்லப்பன் மிளகு பறிக்கிறவர். சில்வர் ஓக் மரத்தில் கொடி எவ்வளவு உயரம் போயிருந்தாலும், ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்திவிட்டு வாயில் பீடியோடு ஏறுவார். தை, மாசியில் ஆள் சேர்த்துக் கணக்கெழுதுகிற எஸ்டேட் ரைட்டர்கள் அவர் வீட்டுக்கே வந்து கூப்பிடுவார்கள். வம்புதும்பு கிடையாது. ஐம்பதைத் தாண்டியவர், ஒட்டிய கன்னம், எடுப்பான மூக்கு. யாரும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்காத ஆள். அந்த ஒட்டிய கன்னம்தான் வினையாகப் போயிற்று.

போன வருடத்துக்கு முந்தின மார்கழியில் கிளியூரில் ஒரு சாவு வீட்டுக் காட்சி எடுத்தார்கள். பிணமாகப் படுக்க வேண்டிய துணை நடிகர் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தே பாதிப் பிணமாக வந்து சேர்ந்தார். ஆனால் படுக்கவைத்தால் வயிறு குலுங்கிக்கொண்டே இருந்தது. படப்பிடிப்பு இடங்களை ஏற்பாடு செய்கிற மேனேஜர் பிரபாகர் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டு, செல்லப்பனைக் கைகாட்டினார். எனக்கு நடிக்கத் தெரியாதே என்று அவர் பின்வாங்கினார். படுத்துக் கிடக்க என்ன நடிப்பு என்று ஊரே சேர்ந்து தள்ளிவிட்டது. அவர் மனைவி ஆராயியும்தான்.

படுத்தார். நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டு. கூலிக்கு வந்த பெண்கள் மேலே விழுந்து அழுதார்கள். உதட்டில் ஈ உட்கார்ந்தும் மனுஷன் அசையவில்லை. டைரக்டர் ஓடி வந்து, நெஞ்சு ஏறி இறங்கியதே தெரியவில்லை, இப்படி ஒரு பிணம் தனக்குக் கிடைத்ததே இல்லை என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவு பேர் முன்னால் செல்லப்பனை அதுவரை யாரும் பாராட்டியதில்லை. வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். மேக்கப்காரர் பஞ்சை எடுத்துக்கொண்டே, பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி ஒரு விஷயம் சொன்னார். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டுமாம். அதையும் படம் பிடிப்பார்களாம். சிரிக்காமல் போனால் ஆளின் உயிருக்கே ஆகாதாம். செல்லப்பன் போய்க் கேமரா முன்னால் நின்றார். அதற்குள் பனி இறங்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பனி யாரையும் கேட்டுக்கொண்டு வராது. கேமராவை மூடிக் கட்டினார்கள். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம், போய்விட்டு வாருங்கள் என்று பிரபாகர் அனுப்பிவைத்தார்.

மறுநாள் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு போனார். கதாநாயகன் வேறு படத்துக்குத் தேதி கொடுத்திருந்தாராம், எல்லாரும் மூட்டை கட்டி இறங்கிவிட்டார்கள். பந்தல் மூங்கில்தான் கிடந்தது.

முதலில் நாங்கள் கேலி செய்தோம். செத்தவருக்கு ஒரு டீ போடு என்று கடையில் சொல்வோம், அவரும் வாங்கிக் குடிப்பார். தையில் மிளகுப் பறிப்பு தொடங்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏணியில் நாலு கணு ஏறியவர் இறங்கிவிட்டார். சிரிக்காமல் விட்டவன், மேலே போனால் விழுந்துவிடுவேன் என்றார். பிறகு ரோட்டைத் தாண்டப் பயந்தார், கிணற்றடிக்குப் போகப் பயந்தார். கடைசியில் வாசலோடு நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்து, உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார்கள். கோயிலில் பூசணிக்காய் உடைத்தார்கள். எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை.

ஆராயி பிரபாகருக்குப் போன் செய்தாள். முதலில் வருகிறேன் என்றார், பிறகு எடுக்கவே இல்லை. ஒரே ஒரு சிரிப்பு, ரெண்டு நிமிஷ வேலை. நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஒண்டிக்கடையில் கல்யாண வீடியோ எடுக்கிற ரஞ்சித்தைக் கூட்டி வந்தாள். நானும் கேமராமேன்தானுங்க, சிரிங்க என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். செல்லப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அந்தக் கேமராவுல செத்தவன், கல்யாணக் கேமராவுல எப்படிங்க எந்திரிப்பேன்?"

ரஞ்சித் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான்.

போன கார்த்திகையில் வேறொரு கம்பெனி ஏரிக்கரையில் பாட்டு எடுக்க வந்தது. ஆராயி வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து அங்கேயே நின்றாள். அவள் கெஞ்சாத ஆள் இல்லை. பிச்சை கேட்கிறாள் என்று நினைத்து ஒருவர் விரட்டினார். சாயங்காலம் கேமராமேன் சந்திரசேகர் அவளை உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். நல்ல மனுஷர், கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரை அழைத்து வரச் சொன்னார்.

செல்லப்பன் வெகுகாலத்துக்குப் பிறகு அன்றுதான் ரோட்டில் இறங்கினார். ஆராயி கையைப் பிடித்து ஓரமாகவே நடத்தி வந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம். அங்கே இருந்ததும் பெரிய சினிமாக் கேமராதான். சந்திரசேகரே அதன் பின்னால் நின்று, உயிரோடு எழுந்துவிட்டீர்கள் ஐயா, சிரியுங்கள் என்றார்.

செல்லப்பன் வாயைத் திறந்தார். உதடு இழுபட்டது, பல் தெரிந்தது, கண் மட்டும் பயந்துபோய் அப்படியே நின்றது. இன்னொரு தடவை என்றார்கள். டான்ஸ் மாஸ்டர் ஒருவர் கோமாளித்தனம் செய்து காட்டினார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. சந்திரசேகர் கேமராவை நிறுத்திவிட்டு, ஓகே, பிரமாதமாக வந்திருக்கிறது என்று கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

கிளியூர் ரோட்டில் திரும்புகையில் ஆராயி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். தை பிறக்கட்டும், ஏணியை எடுக்கலாம், ரைட்டரிடம் இன்றைக்கே சொல்லிவைக்கிறேன் என்றாள். செல்லப்பன் நின்றார்.

"அது சிரிப்பில்ல ஆராயி. பல்லைக் காட்டுனேன், அவ்வளவுதான்."

"நல்லா வந்திருக்குதுன்னு அவரே சொன்னாருங்களே."

"நொம்ப நல்ல மனுசன். பாவம், பொய் சொன்னாரு. நான் எந்திரிக்கல புள்ள. எனக்குத் தெரியாதா?"

ஆராயி அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்தாள், அழுகை அடங்கவில்லை. அதுவரை பெயர் சொல்லாத புருஷனைப் பெயர் சொல்லி, அவர் ஏறிய தோட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் வந்த எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. செல்லப்பன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தனக்காக அழுகிற அழுகையை முழுக்கக் கேட்டார். நிறுத்தச் சொல்லவில்லை.